சரஸ்வதிக்கு முன்னால் கோழி வளர்ப்பு

சரஸ்வதி பூஜையன்று பிற்பகல், காலி அலமாரி ஒன்றின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

இடுப்பில் குழந்தை. கையில் சாவிக்கொத்து. எதிரில் எங்கள் திருத்தணி பஞ்சாயத்து போர்டின் பிரசிடெண்ட். அவர் பக்கத்தில் போர்டு மெம்பர் முனிரத்தினம். யார் எதைக் கேட்டாலும் ‘எதுக்கு?’ என்று முதலில் கேட்பவர். அரிசி வியாபாரி. நெசவுத் தெருவில் வரிசையாக இருக்கும் வாடகை வீடுகள் அவருடையவைதான்.

“பொஸ்தகம்லாம் எங்கம்மா?” என்றார் பிரசிடெண்ட்.

“குடுத்துட்டேன் சார்...”

“ஆருக்கு?”

“கேட்டவங்களுக்கெல்லாம்...”

முனிரத்தினம் அலமாரிக் கதவை ஆட்டிப் பார்த்தார். “அலமாரி சோக்கா கீது. துணி மடிச்சி வெச்சிக்கலாம்” என்றார்.

பூமி பிளக்காதா என்று கதைகளில் நினைப்பார்களே, அது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. குழந்தை என் தாலிச் சங்கிலியைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன கவலை!

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, நான் செய்தது சரியா தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

எங்கள் ஊர் வாசகசாலை கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு பெஞ்சு, ஒரு பத்திரிகை மேஜை, ஒரு பெரிய அலமாரி. காலையிலும் மாலையிலும் ஆண்கள் வந்து பேப்பர் படிப்பார்கள். மத்தியானத்தில் பூட்டிக் கிடக்கும் நேரத்தைப் பெண்களுக்குக் கொடுங்களேன் என்று நான்தான் போய்க் கேட்டேன். காரியதரிசி ஒரு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். யோசித்துவிட்டுச் சரி என்றார். பூஜை லீவுக்கு அவர் வேலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். “சந்தா கட்டின மெம்பர்களுக்கு மட்டும்தான் புத்தகம். ஞாபகம் இருக்கட்டும்” என்று வாசலில் நின்று மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்த அறைக்கு ஆபத்து வந்திருந்தது. கட்டிடக்காரர் மலைக்கு வரும் யாத்ரிகர்களுக்காகத் தேங்காய் பழக் கடை வைக்கப்போகிறார். தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். வேறு இடம் கிடைக்காவிட்டால் புத்தகங்கள் கோணிப்பையில் கட்டி யாராவது வீட்டுப் பரணுக்குப் போகும். பரணுக்குப் போன புத்தகம் இறங்கி வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சர்க்கார் புதிதாகச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. வீட்டு வரியோடு வாசகசாலைகளுக்கென்று கொஞ்சம் சேர்த்து வசூலிப்பார்கள். அது நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் இருக்கிற வாசகசாலை செத்துப்போகக் கூடாதே! போர்டுக்குச் சொந்தமான பழைய சத்திரத்தில் ஓர் அறை கொடுங்கள் என்று மனுப் போட்டிருந்தோம். பூஜை லீவெல்லாம் முடிந்த பிறகு நேரில் வந்து பார்க்கிறோம், ஜனங்களுக்கு இது வேண்டுமா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்கிறோம் என்றார்கள்.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லீவெல்லாம் முடிந்த பிறகு. அந்த நம்பிக்கையில்தான் நான் கெட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள், பெண்கள் நேரத்தில் கன்னியம்மாள் வந்தார். பூர்வீகம் அம்மையார்குப்பம். இங்கே நெசவுத் தெருவில் குடியிருக்கிறார். என்னைவிட வயதில் நிரம்ப மூத்தவர். வாசகசாலைப் பக்கம் அதுவரை அவர் வந்ததில்லை. செருப்பில்லாத காலை வாசலில் இன்னொரு முறை துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஒரு பொஸ்தகம் குடும்மா.”

“யார் படிக்கறதுக்கு?”

“படிக்கவா! எங்க வூட்ல ஆரு படிச்சாங்க? நாளைக்குப் பூஜையில வெக்கத்தான்.”

“பூஜையிலயா?” என்றேன்.

“வருசா வருசம் தறிக்குப் பொட்டு வெச்சி, நெய்யற நாடாவை மணையில வெச்சிக் கும்புட்டுகினுதான் வரோம். அது ஆயுதத்துக்கு ஆச்சு. சரஸ்வதிக்கு? வூட்ல ஒரு எழுத்து இல்லியே! போன வருசம் தீப்பெட்டி மேல எழுத்து கீதேன்னு அத்த எடுத்து வெச்சேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றது.

தீப்பெட்டி! அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டி, அதே தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைக்கூடக் கிழிக்காமல் மறுநாள் வரைக்கும் காத்திருந்திருக்கிறார். நான் சிறு வயதிலிருந்து எனக்கு வராத கணக்குப் பாடத்தின் புத்தகத்தைத்தான் பூஜையில் அடியில் தள்ளி வைத்துப் பழக்கம் — அன்று ஒரு நாளாவது அதைத் தொட வேண்டாமே என்று.

கன்னியம்மாள் மெம்பர் இல்லை. காரியதரிசியின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. கொடுக்கலாமா, கூடாதா? கறை படிந்துவிட்டால்? திரும்பி வராவிட்டால்? யோசித்துக்கொண்டே, “எந்த மாதிரிப் புத்தகம் வேணும்?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“தடியா கீறதா குடு.”

அலமாரியிலேயே தடியானது கோழி வளர்ப்பு பற்றிய புத்தகம். பண்ணை வைத்து நொடித்துப்போன ஒருவர் தானமாகக் கொடுத்தது. இதைப் போய் சரஸ்வதிக்கு முன்னாலா என்று தயங்கினேன். கன்னியம்மாள் அதற்குள் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போய்ச் சொன்னதுதான் தாமதம், தெருவே வந்தது.

“எனக்கொண்ணு குடும்மா.” “எங்க வூட்டுக்காரர் வைவாரு, சின்னதா குடு, மறைச்சி எடுத்துகினு போறேன்.” “தெலுங்கு பொஸ்தகம் கீதா? எங்க மாமியாருக்குத் தெலுங்குதான் சாமி பாஷை.” ஒருத்திக்குக் கொடுத்து இன்னொருத்திக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? விஜயதசமி கழிந்து எல்லாம் திரும்பி வந்துவிடும், போர்டார் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தைரியப்படுத்திக்கொண்டேன். அலமாரி காலி.

மறுநாள் நான் சுண்டலைத் தாளித்துக்கொண்டிருக்கும்போது போர்டு பியூன் வந்து நின்றான். “இன்னிக்கு லீவாச்சே, எல்லாரும் சும்மாதான் கீறாங்க. மூணு மணிக்கு வாசகசாலையைப் பார்க்க வராங்களாம்.”

என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. எதற்கும் பதறாதவர். “உள்ளதைச் சொல்லிடு” என்றார், சுண்டலை மென்றுகொண்டே. சொல்வது அவரா, நானா?

அப்படித்தான் அந்த அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

உள்ளதைச் சொன்னேன். பிரசிடெண்ட் மோவாயைத் தடவினார். முனிரத்தினம், “படிக்கத் தெரியாதவங்க பொஸ்தகம் எடுத்துகினு போனாங்களாம்! வீட்டு வரியில சேர்த்து நாம குடுக்கணுமாம்! எதுக்கு?” என்றார். “கதை நல்லா கீது. சரி, ரெண்டு பொஸ்தகத்தையாவது கொண்ணாந்து காட்டும்மா, பார்க்கலாம்.”

நெசவுத் தெரு பக்கத்தில்தான். எல்லாரும் நடந்தோம். கன்னியம்மாள் வீட்டு வாசலில் மாவிலை. உள்ளே தறிக்குழிக்கு மேல் விளக்கு எரிந்தது. மணை போட்டு, அதன்மேல் சலவை வேட்டி விரித்து, நாடா ஒரு பக்கம், நூல் சுற்றிய தார்க்குச்சிகள் ஒரு பக்கம். நடுவில், கதம்பமும் சந்தனமுமாக, கோழி வளர்ப்பு. அட்டையில் இருந்த சேவலின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு!

அதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. என்னவோ செய்தது. அந்த வீட்டிலேயே பெரிய இடத்தை அதற்குக் கொடுத்திருந்தார்கள். அதை வாசகசாலையில் இடுப்பு உயரத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, அதற்கு மரியாதை செய்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கன்னியம்மா, அந்தப் பொஸ்தகத்தை எடு, பிரசிடெண்ட் பார்க்கணும்” என்றார் முனிரத்தினம்.

“இன்னிக்கா? நீ உன் கடைக் கணக்கு நோட்டை இன்னிக்கு எடுப்பியா நைனா?”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முனிரத்தினம் வீட்டுப் பூஜையில் கணக்கு நோட்டு இருப்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு யார் வந்து கடன் கேட்டாலும் ‘நோட்டு பூஜையில கீது’ என்று தப்பித்துக்கொள்வார். இப்போது அவர் என்ன பதில் சொல்வார்?

“நாளைக்கு மறுபூஜை ஆனதும் எடுக்கலாம்” என்று கன்னியம்மாள் என்னிடம் திரும்பினார். “ஆனா எடுக்கறதுக்கு முன்னால நாலு வரியாவது படிக்கணுமாமே? எதுத்த வூட்டு ஐயரம்மா சொன்னாங்க. அவங்களுக்கு நாளைக்கு அவங்க வூட்டுப் பூஜையே கீது. படிக்காம மூடி வெச்சா நல்லதில்லியாம். அதான் பேஜாராப் பூடுச்சி. நாங்க எங்க போவோம் படிக்க? நீதாம்மா வரணும்.”

“எங்க வூட்டுக்கும்!” “எங்க வூட்டுக்கும்மா!” என்று வாசலிலிருந்து குரல்கள்.

எத்தனை வீடு ஏறி இறங்குவேன், கைக்குழந்தையோடு? அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “நாளைக்குக் காலையில எல்லாரும் வாசகசாலைக்குக் கொண்டு வாங்க. அங்கேயே படிச்சுச் சொல்றேன்.”

“காலையில வரேன். திங்கட்கிழமை மீட்டிங்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் பிரசிடெண்ட்.

அதன் பிறகு நான் பட்ட பாடு! பூஜையில் வைத்ததைத் தெருவில் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேனே, அது குற்றமா? யாரும் வராமல் போனால்? மழை பிடித்துக்கொண்டால்? குழந்தைக்கு வேறு மூக்கு ஒழுகிற்று. கூட்டத்தில் கொண்டுபோனால் கக்குவான் ஒட்டிக்கொள்ளுமோ? விடிந்ததும் குழந்தையைத் தலையோடு துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போய் அறையைத் திறந்தேன். பெருக்கினேன். பெஞ்சைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். யாரையும் காணோம்.

பிறகு வாசலுக்கு வந்து பார்த்தேன்.

எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்குச் சீர்வரிசை கொண்டுவருவார்களே, அதைப்போல, தெரு முனையில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் தாம்பாளம். தாம்பாளம் இல்லாதவர்கள் கையில் புதுமுறம். ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம், பூவோடு. குளித்து ஈரத்தலையில் துண்டு சுற்றிய பெண்கள், பின்னால் பிள்ளைகள், அதற்கும் பின்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு ஆண்கள். மலைக்குப் போகும் வண்டி ஒன்று வழிவிட்டு ஓரமாக நின்றது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய யாத்ரிகர்கள் அதிலிருந்து இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“எந்த சாமிம்மா போவுது?” என்று ஒருவர் கேட்டார்.

“பொஸ்தகம்ங்க” என்றாள் ஒரு பெண், நடந்துகொண்டே.

பள்ளிக்கூடத்தில் எத்தனை புத்தகங்களைப் பரீட்சை முடிந்ததும் தூக்கி எறிந்திருக்கிறேன்!

அறைக்குள் இடம் போதவில்லை. வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு புத்தகமாக வாங்கி நாலு வரி படித்தேன். முதலில் காசி யாத்திரை. அடுத்தது வீட்டு வைத்தியம். அதில் நாலு வரியோடு விட மாட்டோம் என்றார்கள்: “இருமலுக்கு என்னா போட்டிருக்குது, அத்தையும் படிச்சிடு.” மூன்றாவது வானத்தைப் பற்றியது. நட்சத்திரங்கள் எத்தனை தூரம் என்றெல்லாம் இருந்தது. சூரியனிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் நம்மிடம் வந்து சேர நேரம் பிடிக்கிறது, ஆகவே நாம் பார்ப்பது இப்போதிருக்கும் சூரியனை அல்ல, சற்று முன் இருந்த சூரியனை என்று படித்தேன்.

எல்லாரும் ஒரே சமயத்தில் முகத்தை உயர்த்தினார்கள். மலைக்கு மேலே சூரியன் ஏறியிருந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

“அப்போ...” என்று கன்னியம்மாள் மெதுவாகக் கேட்டார், “இப்ப கீற சூரியனை ஆருமே பாக்கலியா?”

உங்களிடம் பதில் இருக்கிறதா? எஸ்.எஸ்.எல்.ஸி.யில் இதை நானும் படித்துத்தான் பாஸ் செய்தேன். பாஸ் செய்தேனே தவிர, ஒரு தடவையாவது தலையைத் தூக்கிப் பார்த்தேனா?

அப்போதுதான் கவனித்தேன். பிரசிடெண்டும் முனிரத்தினமும் எப்போதோ வந்து பின்னால் நின்றிருந்தார்கள். முனிரத்தினமும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பசி. என்ன செய்வேன்? கன்னியம்மாள் எழுந்து தன் முறத்தை முனிரத்தினத்திடம் நீட்டினார். “அம்மா புள்ளைக்குப் பால் குடுக்கட்டும். நீ படிச்சிச் சொல்லு நைனா.”

“நானா?”

“உனுக்குப் படிக்கத் தெரியுமில்ல?”

இத்தனை பேருக்கு நடுவில் தெரியாது என்றா சொல்வார்? உட்கார்ந்தார். சேவல் மேலிருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். அடை வைக்கும் முட்டைகளை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும் என்று ஆரம்பித்தார்.

“அத்த கோழியே பண்ணுமே!” என்றாள் ஒருத்தி.

“இரு, எதுக்குன்னு போட்டிருக்கான். முழுசும் கேளு” என்று அதட்டினார் முனிரத்தினம்.

நாலு வரி முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் படித்தார். கோழிக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்ற இடம் வந்ததும், எல்லாரும் கைகூப்பி உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். உள்ளே திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் குரல் மட்டும் கேட்டது. ஊரில் எல்லாவற்றையும் ‘எதுக்கு?’ என்று கேட்கும் அதே குரல், கழிச்சல் கண்ட கோழிக்காக அவ்வளவு கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

கடைசிப் புத்தகமும் முடிந்தபிறகு பிரசிடெண்ட் வாசற்படியில் நின்று பேசினார். இந்த அறை போகப்போகிறது என்றார். சட்டத்தைச் சொன்னார். “வீட்டு வரியோட கொஞ்சம் சேரும். சும்மா வராது. ஊர்ல கீறவங்கதான் குடுக்கணும். சம்மதமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபூஜைக்கு வந்தவர்களிடம் வரியைப் பற்றியா கேட்பது? கட்டுப்பாட்டுக் கடையில் அரிசிக்கு நிற்கிறவர்கள், பாவு போட நூல் கிடைக்காமல் தறியை நிறுத்தி வைத்திருக்கிறவர்கள். வேண்டாம் என்று சொன்னால் யார் குறை சொல்ல முடியும்?

முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார். “வீடு என்னுது. வரி என் தலையிலதான் வுழும். நான் ஒண்ணும் தர்ம சத்திரம் நடத்தல. வாடகையில ஏத்தித்தான் வாங்குவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னை வையக் கூடாது.”

மெம்பர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் பயமாக இருந்தது.

கன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். “ஏத்திக்கோ நைனா” என்றார். “எங்க வூட்ல நேத்துதான் முதல் முதலா சரஸ்வதி வந்தா. வாடகைக்குப் பயந்துகினு அவளைப் போன்னு சொல்ல என்னால ஆவாது.”

“ஆங், ஏத்திக்கோ” என்றாள் வீட்டுக்காரருக்குப் பயந்து சின்னப் புத்தகம் வாங்கிப் போனவள். பின்னால் நின்ற அவள் வீட்டுக்காரர், “நான் எப்படி வைவேன்? எங்க வூட்டுக் கோழியும் கழியுது” என்றார். அதன் பிறகு யார் யார் ‘ஆங்’ சொன்னார்கள் என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் சத்திரத்தின் கிழக்கு அறை எங்களுக்கு என்று தீர்மானமாயிற்று. முனிரத்தினம் எதிர்த்துக் கை தூக்கவில்லையாம். ‘ஜன்னலுக்கு மேல ஓடு வேற மாத்தணும், பொஸ்தகம் நனைஞ்சிடும்’ என்று மட்டும் சொன்னாராம்.

ஊரிலிருந்து திரும்பிய காரியதரிசியிடம் நடந்ததைச் சொல்லிச் சாவியை நீட்டினேன். மெம்பர் அல்லாதவர்களுக்குக் கொடுத்தது தப்புதான் என்று நானே ஆரம்பித்தேன். அவர் சேவலின் நெற்றிப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தார். “இது போகாது” என்றார். சாவியைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். திட்டினாரா, பாராட்டினாரா? இன்றுவரை தெரியவில்லை.

நேற்றுப் பெண்கள் நேரத்தில் கன்னியம்மாள் வந்தார். இப்போதெல்லாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு ஐயரம்மாவிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.

“வாடகையை ஏத்திட்டாரா?” என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“ஆங், ஏத்திட்டாரு” என்றார் கன்னியம்மாள். “அதனால இனிமே ஒண்ணு போதாதும்மா. ரெண்டா குடு.”